மெய்நிகர் குத்துச்சண்டையும் மறைந்துபோகும் கையும்

இருவர் எதிரெதிரே நில்லாமல் குத்துச்சண்டை இல்லை என்பது நெடுங்காலமாக ஐயத்துக்கு இடமற்ற உண்மையாய் இருந்தது. இன்று அவ்வுண்மைக்கு ஒரு விலக்கு ஏற்பட்டுள்ளது. ஒருவர் தமது வீட்டின் முன்னறையில் தனியே நிற்கிறார். அவருடைய கண்களை ஒரு தலையணி முற்றாக மூடியிருக்கிறது. இரு கைகளிலும் இரு சிறு கைப்பிடிகள் உள்ளன. அறையில் இருப்போருக்கு அவர் வெறுங்காற்றைக் குத்துபவராகத் தோன்றுகிறார். அவர் காண்பதோ ஒளிவெள்ளம் பாயும் ஒரு மேடையையும், கையுறை அணிந்து தம்மை நோக்கி முன்னேறும் ஓர் எதிராளியையுமாகும். அவர் குத்துகிறார்; குனிந்து தப்புகிறார்; மூன்று நிமிடச் சுற்று முடியுமுன் வியர்த்து இளைக்கிறார். இதனையே மெய்நிகர் குத்துச்சண்டை என்பர். 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘த த்ரில் ஒஃப் த ஃபைற்’, 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிரீட்: றைஸ் ரு குளோறி’ ஆகியவை இவ்வகை ஆட்டங்களுள் பெயர் பெற்றவை.

இவ்வாட்டத்தை ஆடுவோர் அனைவரும் ஏதோ ஒரு நாள் சந்திக்கும் குறை ஒன்றுண்டு. ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையில் வலக்கை திடீரென அந்தரத்தில் நின்றுவிடுகிறது; அல்லது உடலை விட்டுப் பிரிந்து கூரையை நோக்கிப் பறக்கிறது. ஆடுபவர் முழுப்பலத்துடன் குத்துகிறார். எதிராளியின் முகத்திலோ ஒரு தூசும் படவில்லை. மறுகணம் கை மீண்டும் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. ‘ட்ரக்கிங் போய்விட்டது’ என்று ஆடுவோர் இதனைக் குறிப்பிடுவர். இடமறிதல் தவறுதல் என்று தமிழிற் சொல்லலாம். சிலர் ஆட்டத்தைப் பழிப்பர். சிலர் கைப்பிடி பழுதென்று கருதிப் புதியதொன்றை வாங்கப் பணம் செலவிடுவர். உண்மையில் இக்குறைக்குக் காரணங்கள் சிலவே. அவற்றை ஒழுங்காக ஆராய்ந்தால், பெரும்பாலானவற்றை ஒரு சதமும் செலவின்றி வீட்டிலேயே நீக்கிவிடலாம். அதற்கு முதலில் அறியவேண்டுவது, கை எங்கே இருக்கிறது என்பதைக் கருவி எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதாகும்.

நடுக்கடலில் இரவிற் செல்லும் ஒரு கப்பலை எண்ணிப் பார்க்கலாம். கரை தெரியவில்லை. மாலுமி, தான் புறப்பட்ட இடத்தையும், கப்பல் செல்லும் திசையையும், அதன் வேகத்தையும், கழிந்த நேரத்தையும் கொண்டு, இப்போது இன்ன இடத்தில் இருக்கிறோம் எனக் கணக்கிடுகிறான். கணக்கில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் மணிக்கு மணி அது பெருகும். தொலைவில் ஒரு கலங்கரை விளக்கத்தின் ஒளி தென்பட்டவுடன் அவன் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறான். கணக்கும் விளக்கும் ஆகிய இவ்விரண்டும் சேர்ந்தே கப்பலைத் துறைமுகத்திற் சேர்க்கின்றன.

மெய்நிகர்க் கருவியும் இம்முறையையே கையாள்கிறது. கைப்பிடியினுள்ளே ஆர்முடுகல்மானி என்னும் நுண்ணிய கருவி ஒன்றுண்டு. கை எவ்வளவு விரைவாக வேகங்கொள்கிறது என்பதை அது அளக்கிறது. அதன் அருகே ஜைரோஸ்கோப் என்னும் மற்றொரு கருவி, கை எப்பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கிறது. இவ்விரண்டும் செக்கனுக்குப் பல நூறு தடவை செய்தி அனுப்புகின்றன. இவை மாலுமியின் கணக்குப் போன்றவை. கலங்கரை விளக்கமாக அமைவது ஒளி. கையின் இடத்தை ஒளியின் துணைகொண்டு நேரிற் கண்டு, கணக்கைக் கணந்தோறும் திருத்துகிறது கருவி. அந்தக் காட்சி மறைந்துவிட்டால் எஞ்சுவது கணக்கு மாத்திரமே.

இத்துறையின் வரலாறே இவ்விரண்டையும் இணைக்க முயன்ற வரலாறு எனலாம். 1968ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லண்ட், தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை அமைத்தார். தலையின் அசைவை அறிவதற்காகக் கூரையிலிருந்து ஒரு பொறிக்கை தொங்கவிடப்பட்டு அக்கருவியுடன் பிணைக்கப்பட்டது. இரும்புத் தொடர்பு இருந்தமையால் இடமறிதல் தவறவில்லை. ஆனால் அணிந்தவர் கூரைக்குக் கட்டுண்டவராயினார். 2006ஆம் ஆண்டு யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ வெளியிட்ட ‘வீ’ என்னும் கருவியில் ஒரு குத்துச்சண்டை ஆட்டமும் இருந்தது. அவ்வாட்டம் பெரும்பாலும் ஆர்முடுகல்மானியையே நம்பியது. கை உண்மையில் எங்கே உள்ளது என்பதை அது அறியவில்லை. ‘ஒரு குத்து நிகழ்ந்தது’ என்பதை ஊகித்து, திரையில் ஒரு குத்தைக் காட்டியது. கணக்கு இருந்தது, விளக்கு இல்லை.

2016ஆம் ஆண்டு எச்.ரி.சி. நிறுவனம் வெளியிட்ட ‘வைவ்’ என்னும் கருவிக்கு, வால்வ் நிறுவனம் ஓர் இடமறி முறையை அமைத்துக் கொடுத்தது. அதன் பெயரே ‘லைற்ஹவுஸ்’, அதாவது கலங்கரை விளக்கம் என்பது. அறையின் எதிரெதிர் மூலைகளில் உயரத்தில் இரு சிறு பெட்டிகள் பொருத்தப்படுகின்றன. அவற்றிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத லேசர்க் கதிர்கள் அறையைத் துடைப்பம் போல் வாரிச் செல்கின்றன. கைப்பிடியிலுள்ள ஒளியுணரிகள், கதிர் தம்மைத் தீண்டிய கணத்தைக் குறித்துக்கொள்கின்றன. அந்நேரத்திலிருந்து கோணமும், கோணங்களிலிருந்து இடமும் கணிக்கப்படுகின்றன. இங்கே விளக்கு சுவரில் உள்ளது; கண் கையில் உள்ளது.

2019ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஒக்குலஸ் குவெஸ்ற்’ இம்முறையைத் தலைகீழாக்கியது. அதன் தலையணியில் நான்கு கமராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. கைப்பிடியின் வளையத்தில், கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிர்களை வீசும் சிறு விளக்குகள் பதிக்கப்பட்டிருந்தன. அவ்விளக்குகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்தவை. விண்மீன் கூட்டத்தின் வடிவைக் கண்டு திசையறிவது போல, அவ்வொழுங்கைக் கமரா கண்டதும் கையின் இடமும் சாய்வும் கணிக்கப்படுகின்றன. சுவரில் எதனையும் பொருத்தவேண்டிய தேவை நீங்கியது. இங்கே விளக்கு கையில் உள்ளது. கண் தலையில் உள்ளது. இன்று வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் கருவிகள் இவ்வகையினவே. இதன் வசதியும் குறையும் ஒன்றே: தலையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கை சென்றால், கருவிக்கு அக்கை மறைந்துவிடுகிறது.

மறைந்த கையைக் கணக்கினால் மட்டும் எவ்வளவு நேரம் தொடரலாம்? ஆர்முடுகலிலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து தூரத்தையும் பெறவேண்டும். இருமுறை கூட்டிப் பெறும் இக்கணக்கில், சிறு பிழை நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. கைப்பிடியின் சாய்வைக் கருவி ஒரு பாகை மட்டும் தவறாக மதித்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அப்போது புவியீர்ப்பின் ஒரு சிறு பங்கு, கையின் அசைவாகக் கணக்கிற் புகுந்துவிடும். அதனால் செக்கனின் பத்திலொரு பங்கு நேரத்தில் ஏற்படும் வழு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, எவரும் உணரார். ஒரு செக்கனில் அவ்வழு எட்டு அல்லது ஒன்பது சென்ரிமீற்றர் ஆகும். இரண்டு செக்கனில் முப்பத்து நான்கு சென்ரிமீற்றரை எட்டும். குத்து எதிராளியின் தாடையில் விழுந்ததா, காதோரமாகக் காற்றில் சென்றதா என்பதை மாற்றிவிட இது போதுமானது. இதனாலேயே பல கருவிகள், காட்சி நெடுநேரம் கிடைக்காதபோது கணக்கைக் கைவிட்டு, கையைக் கடைசியாகக் கண்ட இடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. அந்தரத்தில் உறைந்து நிற்கும் கையின் இரகசியம் இதுவே.

இனி, மற்ற ஆட்டங்களைவிடக் குத்துச்சண்டையில் இக்குறை மிகுவது ஏன்? குத்துச்சண்டைப் பயிற்சியாளர் எவரும் மாணவனுக்கு முதல் நாளிற் கற்பிப்பது, இரு முட்டிகளையும் உயர்த்தித் தாடையையும் கன்னத்தையும் காப்பதாகும். குத்திய கை மீண்டும் வந்து சேரவேண்டிய இடமும் அதுவே. தலையணியிலுள்ள கமராக்கள் மிக அருகிலுள்ள பொருளைச் செவ்வனே காணமாட்டா. கன்னத்தை ஒட்டி நிற்கும் முட்டியும், தாடையின் கீழ் ஒடுங்கிய முட்டியும் அவற்றின் பார்வை விளிம்பிலோ, விளிம்புக்கு அப்பாலோ அமைகின்றன. கொக்கிக் குத்துக்காகக் கையைப் பின்னே இழுக்கும்போதும், கீழிருந்து மேலெழும் குத்துக்காக முட்டியை இடுப்பருகே தாழ்த்தும்போதும் இதுவே நிகழ்கிறது. ஒரு கை மற்றொரு கையை மறைப்பதும் உண்டு. ஆகவே, குத்துச்சண்டை முதலாவதாகக் கற்பிக்கும் நிலையே கருவிக்குக் குறைவாகத் தெரியும் நிலையாக அமைந்துவிட்டது. இம்முரண்பாட்டை மனத்திற் கொள்ளாமல் செய்யும் திருத்தம் எதுவும் முழுமை பெறாது.

இரண்டாவது காரணம் வேகம். பயின்ற ஒருவரின் முட்டி செக்கனுக்கு ஐந்து மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்திற் பாயும். செக்கனுக்கு 60 படங்கள் எடுக்கும் கமராவுக்கு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அம்முட்டி எட்டு சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. ஆர்முடுகல்மானிக்கும் ஓர் எல்லையுண்டு. ஒரு கொத்து அரிசி கொள்ளும் பாத்திரத்தால் ஒன்றரைக் கொத்தை ஒரே முறையில் அளக்க முயன்றால், வழிந்தது கணக்கில் வராது. எல்லை கடந்த விசையும் அவ்வாறே கணக்கில் வராமற் போகும். இதற்கு ஒரு சுவையான சான்றுண்டு. 2018ஆம் ஆண்டு செக் நாட்டில் உருவான ‘பீற் சேபர்’ என்னும் வாள்வீச்சு இசையாட்டம் வெளிவந்தது. அதில் தேர்ந்தவர்கள் கைகளை வீசிய வேகம், மனிதரால் இயலும் என வால்வ் நிறுவனத்தார் தம் மென்பொருளில் வகுத்திருந்த எல்லையையும் தாண்டியது. 2019ஆம் ஆண்டு அவர்கள் அவ்வெல்லையை உயர்த்தி மென்பொருளைத் திருத்தவேண்டியதாயிற்று. வேகத்தால் வரும் சில குறைகளுக்கு, கருவியின் உள்மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வதே மருந்து என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நோய் முதல் நாடுவதே மருத்துவரின் முதற்கடமை. இங்கும் குறையைத் திருத்துமுன் அதன் வகையைப் பிரித்தறிதல் வேண்டும். அதற்கு மூன்று வினாக்கள் போதும். கை உறைந்து நிற்கும் வேளையில், மணிக்கட்டைத் திருப்பினால் திரையிலுள்ள கையுறையும் திரும்புகிறதா? கைப்பிடியின் பொத்தான்கள் வேலை செய்கின்றனவா? இரண்டுக்கும் விடை ‘ஆம்’ எனின், கைப்பிடி உயிருடன் இருக்கிறது. கமராவே அதனைக் காணவில்லை. பொத்தான்களும் செயலற்றுப் போயினவெனின், மின்கலமோ, கைப்பிடிக்கும் தலையணிக்கும் இடையிலுள்ள வானலைத் தொடர்போ தவறியிருக்கிறது. மூன்றாவது வினா: கை மட்டுமன்றி மேடை முழுவதும் அசைந்து வழுக்குகிறதா? அவ்வாறாயின் தலையணி தன்னுடைய இடத்தையே இழந்துவிட்டது. குறை கையில் இல்லை, அறையில் உள்ளது. இவ்வினாக்களைக் கேளாமல் புதுக் கைப்பிடி வாங்குவோர், பல்வலிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கியவர் ஆவர்.

கமரா காணவில்லை என்பது தெளிவானால், முதலிற் கவனிக்கவேண்டியது வெளிச்சம். இருட்டறையில் கமரா ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கவேண்டியிருப்பதால் படம் கலங்குகிறது. ஒருவர் வசதியாகப் புத்தகம் வாசிக்கக்கூடிய அளவு வெளிச்சம் அறை முழுவதும் சீராகப் பரவியிருத்தல் நன்று. மிகையொளியும் ஆகாது. சூரிய ஒளியில் செந்நிறக் கீழ்க்கதிர்கள் நிறைந்துள்ளமையால், சாளரத்தின் வழியே நேராக விழும் வெயிலில் கைப்பிடியின் சிறு விளக்குகள் பகல் விண்மீன்களைப் போல் மங்கிவிடும். ஆகவே திரைச்சீலையை இழுத்துவிட்டு மின்விளக்கை ஏற்றுதல் வேண்டும். வெயிலைப் பற்றி மற்றுமோர் எச்சரிக்கையும் உண்டு. தலையணியின் உட்புறத்திலுள்ள வில்லைகள் பூதக்கண்ணாடிகள் போன்றவை. அவற்றினூடே சூரிய ஒளி சில கணம் புகுந்தாலும் உள்ளேயுள்ள திரை கருகிவிடக்கூடும். கருவியைச் சாளரத்தின் அருகே மல்லாத்தி வைத்தல் கூடாது.

மின்விளக்குகளிலும் ஒரு நுட்பமுண்டு. இலங்கையில் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுகள் கொண்டது. அமெரிக்காவில் 60 சுற்றுகள் கொண்டது. அதனால் விளக்குகள் பல, இங்கே செக்கனுக்கு 100 தடவையும் அங்கே 120 தடவையும் கண்ணுக்குத் தெரியாதவாறு துடிக்கின்றன. அத்துடிப்புக்குக் கமரா இசையாவிடில் படத்தின் ஒளி ஏறி இறங்கும். குவெஸ்ற் வகைக் கருவிகளின் அமைப்புப் பகுதியில், இடமறிதலுக்குரிய அதிர்வெண்ணை 50 என்றோ 60 என்றோ தெரிவுசெய்யவும், கருவியே தெரிவுசெய்யுமாறு விடவும் இடமுண்டு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொணர்ந்த கருவியில், முன்னர் 60 எனப் பதியப்பட்டது மாற்றப்படாமலே இருந்துவிடலாம். இதனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

அடுத்து, கமராவை ஏமாற்றும் பொருள்கள். நிலைக்கண்ணாடியில் கைப்பிடியின் விளக்குகள் பிரதிபலிக்கும்போது, கருவிக்கு இல்லாத கைகள் தோன்றுகின்றன. பளபளக்கும் அலுமாரிக் கதவும், அணைத்த தொலைக்காட்சியின் திரையும் இவ்வாறு செய்யலாம். ஒரு துணியால் மூடிவிடுவதே போதும். வெசாக் காலத்திலும், தீபாவளி, நத்தார் நாட்களிலும் வீடுகளை அலங்கரிக்கும் சரவிளக்குகள், கைப்பிடியின் விளக்கு ஒழுங்கோடு குழம்புவன. ஆட்ட நேரத்தில் அவற்றை அணைத்துவிடவேண்டும். வெறும் வெள்ளைச் சுவர்களே சூழ்ந்த அறையும் ஆகாது. தலையணி தன் இடத்தை அறிவதற்குச் சுவரிலுள்ள படம், நாட்காட்டி, சாளரச் சட்டம், அலுமாரி விளிம்பு முதலியவற்றை அடையாளங்களாகக் கொள்கிறது. மேடை முழுவதும் வழுக்கும் குறை இருந்தால், சுவரில் இரண்டொரு படங்களை மாட்டுவதே பெரிய மருந்தாகலாம். கருவி சேமித்துவைத்துள்ள பழைய அறை நினைவை அழித்து, எல்லையைப் புதிதாக வரைந்துவிடுவதும் பயன் தரும்.

கமராக்களையும் மறத்தலாகாது. குத்துச்சண்டையில் வியர்வை வழியும். கைவிரல்கள் தலையணியைச் சரிசெய்யும்போது கமராவின் கண்ணாடியில் எண்ணெய்ப் படிவு ஏற்படும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தல் வேண்டும். கைப்பிடிக்குக் கடையில் வாங்கிப் பூட்டும் உறைகள் சில, விளக்குகள் அமைந்த பகுதியை மூடிவிடுகின்றன. உறையைக் கழற்றி ஒரு சுற்று ஆடிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

பொத்தான்களும் செயலற்றுப் போகும் வகையில், முதற் சந்தேகம் மின்கலத்தின் மீதே செல்லவேண்டும். குவெஸ்ற் வகைக் கைப்பிடிகள் பலவற்றில் இரட்டை ஏ எனப்படும் சிறு மின்கலம் ஒன்று, ஒரு கம்பிச்சுருளின் அழுத்தத்தால் நிலைநிறுத்தப்படுகிறது. பலத்த குத்தின் முடிவிற் கை சட்டென நிற்கும்போது, மின்கலம் முன்னோக்கி உந்தப்பட்டு, ஒரு கணம் தொடர்பு அறுந்துபோகலாம். குத்து ஓங்கும்போதெல்லாம் கைப்பிடி அணைந்து மீளுமாயின் இதுவே காரணம் எனக் கொள்ளலாம். மின்கலத்தின் பக்கவாட்டில் மடித்த கடதாசித் துண்டு ஒன்றை வைத்து அது ஆடாதவாறு இறுக்கினால் போதும். உலோகத் தாளை அங்கே திணித்தல் கூடாது. அது குறுஞ்சுற்றுக்கு வழிகோலும். தேய்ந்த மின்கலத்தையும் மாற்றிப் பார்க்கவேண்டும். மின்கலம் நன்றாயிருந்தும் தொடர்பு அறுமாயின், வானலையை ஆராயலாம். கைப்பிடிகள் தலையணியோடு பேசும் அலைவரிசைக்கு அருகிலேயே வீட்டு வைஃபை ரவுற்றரும் வேறு பல கருவிகளும் பேசுகின்றன. ரவுற்றரைச் சற்றுத் தூரத்தே வைப்பதும், கருவியை முற்றாக அணைத்து மீண்டும் தொடக்குவதும், கைப்பிடியைக் கைபேசிச் செயலி மூலம் நீக்கிப் புதிதாக இணைப்பதும் அடுத்தடுத்துச் செய்யத்தக்கவை.

கலங்கரை விளக்க முறையைக் கையாளுவோருக்கு வேறு கவனங்கள் வேண்டும். இரு பெட்டிகளும் எதிரெதிர் மூலைகளில், தரையிலிருந்து இரண்டு மீற்றருக்கு மேல், கீழ்நோக்கி 30 முதல் 45 பாகை வரை சாய்ந்து நிற்கவேண்டும். முதல் வகைப் பெட்டிகளாயின் அவற்றிடையே ஐந்து மீற்றருக்கு மேற்படாத தூரம் இருத்தல் நன்று. ஆடாத சுவரிலே அவற்றைப் பொருத்தவேண்டும். குத்துபவரின் காலடியில் அதிரும் அலுமாரியின் மேல் வைத்தால், விளக்கே ஆடுகிறது; கப்பல் எவ்வாறு கரை சேரும்?

இவ்வளவும் செய்தபின் எஞ்சுவது, முன்னர்க் கூறிய முரண்பாடு. முட்டி கன்னத்தருகே இருக்கையில் கருவி காணவில்லையே, என் செய்வது? ஆடுவோர் பலர் கண்ட எளிய வழி, கைகளைத் தாழ்த்தி முன்னே நீட்டி நிற்பதாகும். கருவிக்கு அது நன்றாகத் தெரியும், புள்ளிகளும் ஏறும். ஆயின் அது கற்றுத்தருவது என்ன? தாடையைத் திறந்துவைக்கும் பழக்கத்தையே. உடற்பயிற்சிக்காக மட்டும் ஆடுபவருக்கு இதனாற் பெருந்தீங்கில்லை. ஆனால் குத்துச்சண்டைக் கழகத்தில் மெய்யாகவே பயிலும் இளைஞன் ஒருவன், மாலைதோறும் வீட்டில் இவ்வாறு ஆடுவானாயின், கருவியைத் திருப்திப்படுத்தக் கற்ற பழக்கத்தை அவன் மேடைக்கும் எடுத்துச் செல்வான். அங்கே எதிரில் நிற்பது ஒளியாலான உருவம் அன்று.

ஆகவே, காப்பு நிலையைக் கைவிடாமல் கருவிக்கு உதவும் வழிகளை நாடவேண்டும். முட்டிகளைக் கன்னத்தோடு ஒட்டாமல் மூன்று நான்கு விரலகலம் முன்னே வைத்தால், காப்பும் குன்றாது. கமராவின் பார்வைக்கும் கை அகப்படும். கையை மறைவான நிலையில் நெடுநேரம் நிறுத்தாமல் அவ்வப்போது சிறிது அசைத்து முன்கொணர்ந்தால், கணக்கு திருத்தம் பெற வாய்ப்புக் கிடைக்கும். மறைவு அரைச் செக்கனுக்கு மேற்படாவிடின் வழு சிறிதே என்பதை முன்பு கண்டோம். குத்தும்போது முகத்தைத் திருப்பாமல் இலக்கையே நோக்குதல், பயிற்சியாளர் கூறும் நல்லுரை மட்டுமன்று. கமராவும் அதனால் கையைக் காண்கிறது. கைப்பிடியைப் பிடிக்கும் முறைக்கு ஏற்பக் கையுறையின் இடத்தைத் திருத்தும் வசதி ஆட்டத்தில் இருந்தால், அதனையும் பயன்படுத்தலாம். 2022ஆம் ஆண்டு மெற்றா நிறுவனம் வெளியிட்ட ‘ரச் புறோ’ என்னும் கைப்பிடிகளில், ஒவ்வொன்றிலும் மூன்று கமராக்கள் உள்ளன. அவை தலையணியின் கண்ணை எதிர்பாராமல் தாமே அறையைக் கண்டு தம்மிடத்தை அறிகின்றன. விலை மிகுந்தவையாயினும், முரண்பாட்டை வேரிலே தீர்க்கும் வழி இதுவே என்பதை அவை காட்டியுள்ளன.

இறுதியாக, இக்குறையை வெறும் விளையாட்டுக் குறையாக மதித்தலும் தவறு. தலையணி அணிந்தவருக்கு அறை தெரியாது. சுவர் அருகில் உள்ளது என எச்சரிக்கும் எல்லைக்கோட்டை வரைவதும் இதே இடமறி முறையே. இடம் தவறிய கருவி எல்லையையும் தவறாகக் காட்டலாம். கை உறைந்துவிட்டதென்று ஆத்திரமுற்று மேலும் ஓங்கிக் குத்துபவர், சுவரிலோ, கதவிலோ, அருகே வந்து நிற்கும் குழந்தையின் மீதோ குத்திவிடக்கூடும். ஆகையால் குறைந்தது இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் வெற்றிடம் வேண்டும். குத்துச்சண்டைக்கு அதனினும் மிகுதியாக இருப்பது நல்லது. மணிக்கட்டு வாரைப் பூட்டிக்கொள்ளவேண்டும். சிறுவரும் வளர்ப்புப் பிராணிகளும் அறைக்குள் வராதவாறு கதவைச் சாத்தவேண்டும். காலடியில் ஒரு சிறு பாயை விரித்துக்கொண்டால், நடுவிடத்தை விட்டு விலகியதைப் பாதமே உணர்த்தும். கை மறைந்தால் செய்யவேண்டியது ஒன்றே: குத்துவதை நிறுத்தி, இரு கைகளையும் முகத்துக்கு முன்னே நீட்டிக் கருவிக்குக் காட்டுதல். கண்ட மாத்திரத்தில் கருவி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

வெளிச்சம், கண்ணாடி, மின்கலம், வானலை, அறை நினைவு என இவ்வொழுங்கில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியபின் ஒரு சுற்று ஆடிச் சோதிப்பவர், எது காரணம் என்பதை ஒரு மாலைப் பொழுதிலேயே கண்டுவிடுவர். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுபவருக்குக் குறை நீங்கினாலும் காரணம் தெரியாது. அது மீண்டும் வரும்போது அவர் முதலிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.